புதன்கிழமைக்கு வந்த ஆறு மேகங்கள்

வாகைப்பொட்டலில் இன்றைக்கு என்ன கிழமை என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை, அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும். காலை ஒன்பது மணிக்குச் செம்பழுப்பாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்து, மல்லியும் மிளகாய் வற்றலும் மணக்க, ஊர் முழுக்க அடுக்குத் தும்மல் போட்டால் அது திங்கள்; ஊசியில் கோக்கலாம் என்பது போல மெல்லிசாக, விளக்கு வைக்கும் வரை அறுந்து போகாமல் தூறிக்கொண்டே இருந்தால் செவ்வாய்; வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு மணி நேரம் உறுமிவிட்டு, வந்ததும் பத்தே நிமிடத்தில் நின்றவர்களையெல்லாம் நனைத்துவிட்டுப் புறப்பட்டுப் போனால் புதன்; சின்ன வெங்காயம் அளவுக்கு ஆலங்கட்டி விழுந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் கண்ணில் நீர் வந்தால் வியாழன்; கற்பூர வாசனையோடு மூடுபனி இறங்கி, எதிரே வருகிறவர் பங்காளியா பகையாளியா என்று தெரியாமல் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போனால் வெள்ளி; சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்த ஒரு மேகம் நாள் முழுக்க ஓரிடத்தில் நில்லாமல் நெளிந்துகொண்டே இருந்து, சரியாக நாலரை மணிக்கு ஓவென்று இரைந்து கொட்டினால் சனி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும், ஏனென்றால் அன்றைக்குப் பேராச்சிக்கு லீவு.

பேராச்சி பேரூராட்சியில் தெருக்கூட்டுகிறவள். புருஷன் மஞ்சள்காமாலையில் போன மறு மாதம் வேலைக்குச் சேர்ந்தவள், வருகிற ஐப்பசியோடு எட்டு வருஷம். திங்கள் மளிகைக்கடைத் தெரு, செவ்வாய் தையற்கடைத் தெரு, புதன் பேருந்து நிலையம், வியாழன் சந்தைத் தெரு, வெள்ளி கோவில் தெரு, சனி பள்ளிக்கூடத் தெரு என்று நாளுக்கு ஒரு தெருவாகக் கூட்டச் சொல்லி உத்தரவு. வீட்டுப் பெண்கள் வாசல் கூட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள், தூசி அடங்கும். பேராச்சிக்குக் கூட்ட வாரியல் கொடுத்த பேரூராட்சி வாளி கொடுக்க மறந்துவிட்டது, அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வறட்டுக் கூட்டலாகவே கூட்டினாள். சேர்ந்த முதல் திங்கட்கிழமை அவள் கிளப்பிய தூசி தரைக்குத் திரும்பவில்லை. மேலே போனது, போன இடத்தில் ஒரு முறத்தளவுக்குக் கூடியது, பிறகு ஒரு களத்தளவுக்கு விரிந்தது, மத்தியானம் பெய்தது. மளிகைக்கடைத் தெருவில் நனைந்தவர்களுக்கு மூக்கு எரிந்தது.

உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் நடத்துகிற தாவீது வாத்தியார் இதைக் கேள்விப்பட்டு ஆச்சரியப்படவில்லை. "மேகம்னா வெறும் ஆவி இல்லவே. ஆவி உக்கார ஒரு தூசி வேணும். பெரியகுளத்துல தெனமும் ஆவி கெளம்புது, உக்கார எடமில்லாம நின்னுக்கிட்டே மலையாளத்துக்குப் போயிருது. பேராச்சி எடம் போட்டுக் குடுக்கா, அவ்வளவுதான்" என்று டீக்கடையில் விளக்கினார். நாங்களும்தான் தூசி கிளப்புகிறோம், எங்கள் தூசி ஏன் மேகமாகவில்லை என்று லாரிக்காரர் ஒருவர் கேட்டதற்கு, அது பாடத்தில் இல்லை என்று சொல்லி டீயைக் குடித்து முடித்தார். ஊருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

முதல் மாதம் பேராச்சியின் காலில் விழுந்து கும்பிட்டவர்கள் உண்டு. இரண்டாம் மாதம் எந்தக் கிழமை எந்தத் தெரு என்பதை மாற்றச் சொல்லிச் செயல் அலுவலரிடம் மூன்று கட்சியாகப் போய் நின்றவர்கள் உண்டு. மூன்றாம் மாதத்தில் எல்லாம் பழகிப்போயிற்று. அப்பளம் போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காயவைத்தார்கள். துணி வெளுக்கிறவர்கள் சனிக்கிழமை ராத்திரி ஊறப்போட்டார்கள். காதலித்தவர்கள் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை பெண் பார்க்கப் போனால் தும்மல் சகுனம் என்று யாரும் போகவில்லை. மழை என்கிற ஒன்று வேண்டுமானாலும் வரும் வேண்டாவிட்டாலும் வரும் என்று ஆகிவிட்ட பிறகு அதற்கு நன்றி சொல்ல யாருக்கு ஞாபகம் இருக்கும். எட்டு வருஷத்தில் பெரியகுளம் எட்டுத் தடவை நிரம்பி மறுகால் பாய்ந்தது, அதைப் பற்றி அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஒரு முறம் வற்றல் நனைந்தால் போதும், "ஏட்டி பேராச்சி, கொஞ்சம் மெல்லக் கூட்டுனா கை தேஞ்சா போவும்?" என்று தெருவே வாசலுக்கு வந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவளும் பதில் சொல்லாமல் கூட்டிக்கொண்டே போய்விடுவாள்.

இப்படிப்பட்டவளுடைய மகள் மாரிச்செல்விக்குத்தான் மாப்பிள்ளை அமைந்தது. அமைத்தவர் தரகர் பிச்சாண்டி. மாப்பிள்ளை பால்பாண்டிக்குத் தூத்துக்குடியில் வெல்டிங் வேலை, சொந்த ஊர் விளாத்திகுளத்துக்கும் கிழக்கே நெடுங்கரிசல் என்ற வானம் பார்த்த பூமி, மூன்று வருஷமாக வானம் அந்தப் பூமியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அம்மா சீனியம்மாள் நாலு இடத்தில் பெண் பார்த்து நாலு இடத்திலும் நொட்டைச் சொல் சொல்லிவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவள் மாரிச்செல்வியைப் பார்த்ததும், ஒரு கேள்வி கூடக் கேட்காமல், பூ வைத்துவிட்டுப் போனாள். பேராச்சிக்கு அதில் சந்தோஷம் இருந்த அளவுக்குச் சந்தேகமும் இருந்தது.

சந்தேகம் வீண்போகவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்று பெரியவர்கள் சொன்னதில் பிச்சாண்டி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை மிச்சம் பிடித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். "பொண்ணோட அம்மைக்குப் பேரூராட்சியில மழை ஆபீசு. அந்த ஊர்ல என்னைக்கு என்ன மழைன்னு அவதான் தீர்மானிக்கா."

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணிட்டிய!" என்று பேராச்சி தலையில் கை வைத்தாள்.

"இதுல எங்க பொய் இருக்கு, சொல்லு? நீ கூட்டலன்னா மழை உண்டா? ஆபீசுன்னு ஒரு சொல்லு சேத்தேன், அவ்வளவுதானே."

"வாரியலைப் பாத்தா எந்திரிச்சுப் போயிருவாவ அண்ணாச்சி. என்னைய எங்கெல்லாம் ஒக்காரச் சொல்லல, எங்கெல்லாம் டம்ளரை எட்டி வச்சாவன்னு எனக்குத்தானே தெரியும்."

"தாலி ஏறுத வரைக்கும் வாரியலை மறைச்சு வையி. ஏறுனதுக்கப்புறம் யாரு எந்திரிச்சுப் போவா?"

மாரிச்செல்விக்கு இது பிடிக்கவே இல்லை. நீயே சொல்லிவிடம்மா, இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று அவள் ரெண்டு தடவை போனை எடுத்தாள், ரெண்டு தடவையும் பேராச்சி பிடுங்கி வைத்தாள். பேராச்சி கெட்டவள் இல்லை, பயந்தவள். மகளுக்கு இதற்கு முன்னால் மூன்று இடம் கூடி வந்து, அம்மா என்ன வேலை என்று கேட்டதும் கலைந்து போயிருந்தது. நாலாவதும் கலைந்தால் அதைத் தாங்குகிற தெம்பு தனக்கு இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முகூர்த்தம் ஆனி மாதம் கடைசிப் புதன்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். விட்டால் ஆடி பிறந்துவிடும். பேராச்சி திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நாலு நாளைக்கும் லீவு எழுதிக் கொடுத்தாள். அவள் கூட்டாவிட்டால் தூசி இல்லை, தூசி இல்லாவிட்டால் மேகம் இல்லை, மேகம் இல்லாவிட்டால் மழையைப் பற்றி யாரும் வாய் திறக்கப் போவதில்லை, அந்தப் புதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போல வந்து போய்விடும் என்பது அவள் கணக்கு. வாரியலைச் சமுதாயக்கூடத்துச் சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகி, மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடினாள். திங்களும் செவ்வாயும் வானம் மொட்டையாக இருந்தது. தும்மல் இல்லாத திங்கட்கிழமையைக் கண்டு ஊர் கொஞ்சம் மிரண்டுபோனது, அப்புறம்தான் எல்லோருக்கும் அவள் மகள் கல்யாணம் ஞாபகம் வந்தது.

ஞாபகத்தோடு இன்னொன்றும் வந்தது. மளிகைக்கடைத் தெருவில் அப்பளம் போடும் கோமுதான் அதை முதலில் உணர்ந்தவள், வற்றலுக்காகப் பேராச்சியை வாய்க்கு வந்தபடி ஏசியவர்களில் அவளுக்குத்தான் முதலிடம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். காகிதமும் சருகும் வெங்காயத் தோலுமாகக் கிடந்தது. நாளைக் காலையில் மாப்பிள்ளை வீட்டு வேன் இந்த வழியாகத்தான் வரும், ஊரெல்லாம் கூட்டிய பொம்பளை தன் மகள் கல்யாணத்துக்குக் குப்பைத் தெருவிலா சம்பந்தியை வரவேற்பாள் என்று நினைத்தாள். தெருப் பெண்களைக் கூட்டி, விடிவதற்கு முன்னால் நாமே கூட்டிவிடுவோம், பேராச்சிக்குச் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு தெருதானே, அதுவும் நம்ம கை பட்டு என்ன பெரிய மேகம் வந்துவிடப் போகிறது என்று முடிவு செய்தாள். நல்ல எண்ணம்தான். அதே நல்ல எண்ணம் அதே சாயங்காலம் தையற்கடைத் தெருவுக்கும், பேருந்து நிலையத்துக்கும், சந்தைத் தெருவுக்கும், கோவில் தெருவுக்கும், பள்ளிக்கூடத் தெருவுக்கும் தனித்தனியாக வந்தது. ஆறு தெருவும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆறு தெருவும், அவள் எப்படிக் கூட்டுவாளோ அப்படியே கூட்டவேண்டும் என்று, தங்கள் வாசலுக்கு என்றும் தெளிக்கிற தண்ணீரைத் தெளிக்காமல், வறட்டுக் கூட்டலாகக் கூட்டின.

எட்டு வருஷமாக ஒரே கை கிளப்பிய தூசி. வானத்துக்கும் அது பழகியிருந்தது போலும், கை மாறியதை அது பார்க்கவில்லை.

எட்டரை மணிக்கு நெடுங்கரிசலிலிருந்து மூன்று வேன் வந்து நின்றது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு வேன் போதும், மூன்று வேனில் ஊரே வந்திருந்தது. பேராச்சி மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கட்டி, வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றாள். இறங்கிய ஒவ்வொருவரும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கைகூப்பியதும், வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதும் அவளுக்கு விநோதமாக இருந்தது. சீனியம்மாள் கையில் நீளமான ஒரு காகித உறை இருந்தது.

"மதினி, மொதல்ல கல்யாணம் முடியட்டும். பெறகு எங்க ஊரு சார்பா ஒரு மனு இருக்கு. நூத்திப்பதினாறு பேரு கையெழுத்து. மழை ஆபீசர்கிட்ட நேர்ல குடுக்கணும்னுதான் இம்புட்டுப் பேரும் வந்திருக்கோம்" என்றாள்.

பேராச்சிக்குக் கையிலிருந்த செம்பு கனத்தது. நாலு இடத்தில் நொட்டை சொன்ன பொம்பளை இங்கே ஏன் ஒரு கேள்வியும் கேட்காமல் பூ வைத்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறந்து எதையாவது சொல்லியிருப்பாள். அதற்குள் சீனியம்மாள் தும்மினாள்.

அடுத்து நாதஸ்வரக்காரர் தும்மினார், வாயில் வைத்திருந்த சீவாளி எகிறி விழுந்தது. பேராச்சி தலையைத் தூக்கினாள். ஆறு தெருவும் கூடுகிற முக்கில்தான் சமுதாயக்கூடம் இருந்தது, அந்த முக்குக்கு மேலே செம்பழுப்பும் சாம்பலும் கறுப்பும் வெளுப்புமாக ஆறு மேகங்கள், ரேஷன் கடை வாசலில் நிற்கிற கூட்டம் போல, ஒன்றின் விலாவில் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. புதன் உறுமியது. செவ்வாய் தூற ஆரம்பித்தது. வியாழன் தகரப் பந்தலில் வெங்காயம் வெங்காயமாகக் கொட்டியது. சனி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஓடி ஓடித் திரிந்தது. வெள்ளி கனம் தாங்காமல் இறங்கி, ஜன்னல் வழியாக மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கற்பூர மூட்டத்தில் மணவறை தெரியவில்லை, மாப்பிள்ளை தெரியவில்லை, தாலித்தட்டை வாங்கிய கை யாருடைய கை என்று தெரியவில்லை. மாப்பிள்ளைத் தோழன் மாலையைக் கொண்டுபோய்ச் சமையல்காரர் கழுத்தில் போட்டுவிட்டான்.

"மணி ஒம்பதே முக்கால்" என்று மூட்டத்துக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள்.

நெடுங்கரிசல்காரர்கள் முதலில் சிரித்தார்கள், நனைந்தார்கள், கண்ணில் நீர் வழிய ஆலங்கட்டியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். நேரம் ஆக ஆகச் சிரிப்பு அடங்கியது. "ஆறு மழை ஒண்ணா வந்து மறிக்கிது, அய்யா. நல்லதுக்கில்ல" என்றது ஒரு குரல். "முகூர்த்தம் தவறிப்போச்சுன்னா பொண்ணை விட்டுட்டுக் கெளம்ப வேண்டியதுதான், தாயி. வேற வழியில்ல" என்றது இன்னொரு குரல்.

கோமு சுவரைத் தடவித் தடவி வந்து பேராச்சியின் கையைப் பிடித்தாள். "மயினி, திங்கக்கெழமை மேகம் நாங்க கிளப்புனது. ஒன் மகளுக்குத் தெரு சுத்தமா இருக்கட்டும்னு செஞ்சோம். நாங்க மட்டுந்தான்னு நெனச்சோம் மயினி" என்று அழுதாள். "நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்" என்றது தையற்கடைத் தெரு. "நாங்களும்" என்றது சந்தைத் தெரு. செய்ததைச் சரிசெய்ய ஆறு தெருவும் ஆளுக்கொரு துடைப்பத்தோடு வானத்தைப் பார்த்து வீசின. கிளப்பத் தெரிந்தவர்களுக்கு அதை ஓட்டிப்போகத் தெரியவில்லை, மேகங்கள் இன்னும் கலைந்து இன்னும் பின்னிக்கொண்டன. எந்த மேகம் எந்தத் தெருவுடையது, எதை எந்தச் சந்து வழியாகக் கூட்டிப்போக வேண்டும் என்று தெரிந்த ஆள் அந்த ஊரில் ஒருத்திதான், அவள் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள்.

மணவறைப் பக்கமிருந்து மாரிச்செல்வியின் குரல் வந்தது. "அம்மா, எடுத்துட்டு வா."

எதை என்று அவள் சொல்லவில்லை. பேராச்சிக்குப் புரிந்தது. எடுத்தால் இத்தனை நாள் மறைத்தது போகும்; எடுக்காவிட்டால் முகூர்த்தம் போகும். இரண்டில் எது போனாலும் மகளுடைய கல்யாணம் போகும் என்றால், மகள் கேட்டதைச் செய்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அவள் சமையலறைக்குப் போய்ச் சாக்கை விலக்கி, அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு, வாரியலை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான பேர் பார்க்க மண்டபத்து நடுவில் வந்து குனிந்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் தூக்கிச் செருகினாள்.

சர்க். சர்க்.

நனைந்த தரையிலும் அந்த வாரியல் வறட்டுச் சத்தமே போட்டது. முதலில் வெள்ளியைத்தான் எடுத்தாள், அதுதான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கற்பூர மணத்தை வாரியல் நுனியில் தொட்டு வாசலைப் பார்த்து இழுத்தாள். ஜன்னலில் சுருண்டு கிடந்த மூடுபனி தலையைத் தூக்கியது, இறங்கியது, தாய் ஆட்டுக்குப் பின்னால் போகும் குட்டி போல அவள் வாரியலுக்குப் பின்னால் நகர்ந்தது. கோவில் தெரு முனை வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தாள். மணவறை தெரிந்தது, மணப்பெண் தெரிந்தாள், தட்டில் கிடந்த தாலி தெரிந்தது. பிறகு திங்களைக் கூட்டினாள், தும்மல் நின்றது. வியாழனைக் கூட்டினாள், தகரம் அடங்கியது. செவ்வாயை நூல் அறுந்து போகாமல் சுருட்டிச் சுருட்டித் தையற்கடைத் தெருவுக்குக் கொண்டுபோனாள். சனி வர மறுத்துக் குறுக்கும் நெடுக்கும் ஓடியது, "ஏலே, மணியடிச்சாச்சு, வா" என்று ஒரு அதட்டு அதட்டினாள், வந்துவிட்டது. நெற்றிக் குங்குமம் வழிந்து மூக்கில் இறங்கியது, புடவைக் கரை சேறானது, அவள் நிமிரவே இல்லை. புதனை மட்டும் அவள் தொடவில்லை, அன்றைக்கு அதனுடைய நாள், அதற்கு அங்கே நிற்க உரிமை இருந்தது. அது பேருந்து நிலையத்து மேலே தானாகவே ஒதுங்கிப்போய் உறுமிக்கொண்டு நின்றது.

பத்தே கால். பேராச்சி வாரியலைப் பிடித்தபடி வாசற்படிக்குக் கீழேயே நின்றாள், ஏறவில்லை. சீனியம்மாள் படியில் இறங்கி அவளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்ப மழை ஆபீசு?"

"இதுதான்" என்று பேராச்சி வாரியலைக் காட்டினாள். "தெருக்கூட்டுதவதான் நான். மறைச்சது என் தப்பு. எம்மவ சொல்லத்தான் சொன்னா, நான்தான் விடல. அவளை ஒண்ணும் சொல்லிராதிய."

சீனியம்மாள் வாரியலைப் பார்த்தாள். பிறகு, "தெருக்கூட்டுறவுகன்னு சொல்லியிருந்தா நான் உங்க வீட்டுப் படியேறியிருக்க மாட்டேன் மதினி. நெசமாச் சொல்றேன், ஏறியிருக்க மாட்டேன்" என்றாள். பேராச்சி தலையைக் குனிந்தாள். "ஏறாமப் போயிருந்தா எனக்கு நானே எம்புட்டுப் பெரிய கெடுதல் பண்ணியிருப்பேன்னு இப்பத்தான் தெரியுது. மேல வாங்க. நீங்க இல்லாம எவன் தாலி கட்டுவான்?"

"சேறா இருக்கு, மதினி."

"இருக்கட்டும். சேத்தைப் பாத்து மூணு வருசமாச்சு."

அவள் பேராச்சியின் கையைப் பிடித்துப் படியேற்றினாள், வாரியல் பிடித்த கையைத்தான் பிடித்தாள். பத்து இருபத்தைந்துக்குக் கெட்டிமேளம் கொட்டியது. சரியாக அந்த நேரம் பார்த்து, இரண்டு மணி நேரமாக வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த புதன்கிழமை வந்து, பத்து நிமிடம் பெய்துவிட்டுப் போனது. நெடுங்கரிசல்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே போய் அதில் நின்றார்கள். பேராச்சி மணவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எட்டு வருஷமாக நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அழுகை வந்தது, அழுதாள். நிம்மதி என்பது இத்தனை சாதாரணமாக, ஈரப் புடவையோடு நாற்காலியில் உட்காருவது போல இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பிச்சாண்டி தள்ளி நின்று, நான்தான் அப்பவே சொன்னேனே என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து சீர்வரிசையை வேனில் ஏற்றும்போது சீனியம்மாள் தட்டுகளை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு வந்து, "ஒண்ணு கொறையுதே" என்றாள். பேராச்சி ஓடிவந்து தட்டுகளை எண்ணினாள்.

"என்ன மதினி?"

"அந்த வாரியல்."

சீரில் வாரியல் வைக்கிற வழக்கம் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. கூடாது என்றுகூடச் சொல்வார்கள். கோமு எதையோ சொல்ல வாயெடுத்து, தன் வாயால் இதுவரை வந்ததெல்லாம் போதும் என்று மூடிக்கொண்டாள். பேராச்சி வாரியலைக் கழுவிக் கட்டை இறுக்கி, மஞ்சள் தடவிக் கொண்டுவந்தாள். வெள்ளித்தட்டில் அதை வைத்து, மாரிச்செல்வியே தூக்கிக்கொண்டு போய் வேனில் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சீனியம்மாள் அந்தக் காகித உறையை எடுத்து, பேனா வாங்கி, மேலே எழுதியிருந்த மழை ஆபீசர் என்பதை அடித்துவிட்டு, "பேரு எப்பிடி எழுதணும்?" என்று கேட்டு, பேராச்சி அம்மாள் அவர்களுக்கு என்று எழுதி, இரண்டு கையாலும் நீட்டினாள். உள்ளே மனுவில், எங்கள் ஊரில் தெரு ஒன்றுதான் இருக்கிறது, அதை ஒரே ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்று நூற்றுப்பதினாறு பேர் கேட்டிருந்தார்கள்.

தாவீது வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. "பேராச்சி, உள்ளதைச் சொல்லிருதேன். அங்க தூசி ஏராளம், ஆனா ஆவிக்கு ஒரு கொளம் குட்டை கிடையாதே" என்றார்.

"ஒக்கார எடம் போட்டா ஆளு வரத்தான் செய்யும் வாத்தியாரே" என்று பேராச்சி சொல்லிவிட்டு, மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு சீனியம்மாள் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. வாரேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒங்க ஊர்ல சொல்லி வையிங்க மதினி, நான் வாரதுக்குள்ள ஒருத்தரும் தெருவுல தண்ணி தெளிச்சிரக் கூடாது."

சீனியம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு வேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"தெளிக்கத் தண்ணிக்கு எங்க மதினி போக?"